இரண்டு கட்டத்துக்கு ஒரு கோடு

காலை பதினொன்றேகாலுக்குத் திரையில் இருபத்து மூன்று கட்டங்கள் சிவப்பாக மாறின. நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ‘வராத இதழ்கள்’ என்ற பொத்தானை ஒரு தரம் அழுத்தினேன், அவ்வளவுதான். நூலகர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரல் வைத்து எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். இதெல்லாம் வரவே இல்லையா, வந்து காணாமல் போனதா என்று கேட்டார். தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வரவில்லை என்றால் அப்போதே பதிப்பகத்துக்கு எழுதியிருப்பார்களே சார் என்றேன். எழுதியிருக்க வேண்டிய ஆள் யார் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். ஆறு வருடமாக இதழ்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது என் ஓரகத்தி.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. ஒரே வீடு. அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். இந்த நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அவள் சொல்லித்தான். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். எந்த இதழ் எந்த மாதம் தாமதமாக வந்தது, எதில் பத்துப் பக்கம் தலைகீழாக அச்சாகியிருந்தது, எந்தப் பேராசிரியர் எதை எடுத்துப்போய் காப்பிக் கறையோடு திருப்பித் தந்தார், எல்லாம் நுனி நாக்கில் இருக்கும். வீட்டிலும் அப்படியே. மாமியாரின் மாத்திரை எப்போது தீரும், என் வீட்டுக்காரரின் பள்ளிச் சான்றிதழ் எந்தப் பையில் கிடக்கிறது என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். “எதுக்கும் அண்ணியை ஒரு வார்த்தை கேட்டுக்கோ.” பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் கணவர் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். குழம்புக்கு உப்புப் போடுவதற்கு மட்டும்தான் கேட்காமல் இருந்தேன்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு இதழுக்கும் கெட்டியான ஓர் அட்டை. அட்டையில் வருடத்துக்கு ஒரு வரிசை, வரிசையில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள். இதழ் தபாலில் வந்ததும் அந்தக் கட்டத்தில் தேதியை எழுதவேண்டும். அக்காவின் எழுத்து பொடி எழுத்து, அச்சடித்த மாதிரி. அட்டைகள் இரும்பு அலமாரியின் தட்டையான இழுப்பறைகளில் இருக்கும். போன வருடம் சாஃப்ட்வேர் வந்தது. எனக்கு வேகமாக டைப் அடிக்க வரும் என்பதால் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ‘மாத இதழ்’ என்று நாம் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், அது தானாகவே வருடத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்காகவும் காத்திருக்கும். வந்ததும் நாம் டிக் போடவேண்டும், பச்சையாகும். தொண்ணூறு நாள் பார்த்துவிட்டு, போடாத கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும். அதற்கு யார் மேலும் கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது.

பழைய ஆறு வருட அட்டைகளை ஏற்றும் வேலை எனக்கு வந்தது. நாற்பது நாளில் முடித்தேன். சில சின்னப் பதிப்பகங்கள் விடுமுறைக் காலத்தில் ஏழாம் மாதத்தையும் எட்டாம் மாதத்தையும் ஒரே இதழாகச் சேர்த்துப் போட்டுவிடும். புத்தகம் கொஞ்சம் தடிமனாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி வந்தால் அக்கா ஏழாவது கட்டத்தில் தேதியை எழுதி, அங்கிருந்து எட்டாவது கட்டத்தின் கடைசிவரை ஒரு கோடு இழுத்துவிடுவாள். எனக்கு அது கை வழுக்கியது போலத்தான் தெரிந்தது. ஏழுக்கு டிக் போட்டேன். எட்டைக் காலியாக விட்டேன். நாலாவது ஐந்தாவது அட்டையிலும் அதே கோட்டைப் பார்த்தபோது ஒரு நொடி கை நின்றது. அக்கா இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பி, இது என்னக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆபீசிலுமா அண்ணியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வந்தது. கேட்கவில்லை.

ஏற்றி முடித்ததும் அட்டைகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் சார் என்று அக்கா கேட்டுப்பார்த்தாள். இரண்டு இடத்தில் பதிவு இருந்தால் எது சரி என்று பிற்பாடு குழப்பம் வரும் என்றேன். நூலகருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. அதையே கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த இரும்பு அலமாரி இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. இழுப்பறைகளில் துடைக்கும் துணிகளை வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் இரண்டு பேருமே தற்காலிகம். அந்த மாதக் கடைசியில் ஓர் இடம் மட்டும் நிரந்தரமாகப் போகிறது, இன்னொருவர் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, எனக்கும்தான். வேறு இடத்தில் விண்ணப்பம் கூடப் போட்டு வைத்திருந்தேன். அந்த நிலைமையில்தான் இருபத்து மூன்று கட்டங்கள் சிவந்தன.

நூலகர் அக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்து திரையைப் பார்த்தாள். பதறவே இல்லை. சின்னக் குழந்தை தப்பாகக் கூட்டிய கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இதுக்கெல்லாம் எட்டாவது இதழே கிடையாது சார். ஏழையும் எட்டையும் சேர்த்து ஒண்ணாத்தான் போடுவாங்க. நான் கார்டுல கோடு போட்டிருந்தேனே.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நீ சொல்லு என்கிற பார்வை, வேறொன்றும் அதில் இல்லை. அந்த நிமிடம் எனக்குக் கோடுகள் ஞாபகம் வந்தன. நீல மையில், நேராக, ஒவ்வொன்றும் எட்டாவது கட்டத்தின் ஓரத்தில் போய் முட்டி நின்ற கோடுகள். அப்படி ஏதாவது இருந்ததா என்று நூலகர் என்னைக் கேட்டார்.

“நான் கவனிச்ச வரைக்கும் இல்ல சார்.”

அதில் பொய் என்று எதையும் பிடிக்கமுடியாது. கவனித்த வரைக்கும் என்றுதான் சொன்னேன்.

அக்காவின் முகம் அப்போதும் மாறவில்லை. இருந்திருக்குமே, பார்த்திருக்க மாட்டே என்று எனக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கார்டு போனால் என்ன, இதழ் இருக்கிறதே, அதிலேயே ஏழு எட்டு என்று போட்டிருக்குமே என்றாள். இருந்தது. ஆனால் அந்தப் பழைய இதழ்களையெல்லாம் மொத்தமாகக் கட்டி நாலு மாதத்துக்கு முன் பைண்டிங்குக்கு அனுப்பியிருந்தார்கள். பைண்டருக்குக் கண் ஆபரேஷன். கடை பூட்டிக் கிடந்தது. அக்கா பதிப்பகங்களுக்கும் கடிதம் எழுதினாள். ஒன்று இழுத்து மூடியிருந்தது, மற்றவை பதில் போடவில்லை. பைண்டருக்கு வாரம் இரண்டு முறை போன் செய்யும் பொறுப்பை நூலகர் என்னிடம் கொடுத்தார். அதுவரைக்கும் எதற்கும் ஒரு தரம் தேடிப் பாருங்கள் என்று அவளிடம் சொன்னார்.

அச்சே ஆகாத இருபத்து மூன்று இதழ்களை என் ஓரகத்தி பன்னிரண்டு நாள் தேடினாள். முதல் நாள் சிரித்துக்கொண்டே தேடினாள். இல்லாததைத் தேடச் சொன்னா எப்படித் தேடறது என்று என்னிடம் கேலி பேசினாள். இரண்டாம் நாளும் பேச்சு இருந்தது. ஐந்தாம் நாள் நான் பார்க்கும்போது நாற்காலி போட்டு ஏறி, ராக்கின் உச்சியில் கையைத் துழாவிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. கண்ணில் சிரிப்பு இல்லை. அன்றைக்குத்தான் அவள் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. கூடவே தேடினேன். ஜன்னலோர ராக்குக்குப் பின்னால் பார்த்தீங்களாக்கா, அங்கே ஏதாவது விழுந்திருக்கலாம் என்று யோசனை சொன்னேன். அவள் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பழைய பேனா மூடி ஒன்றும் ஒரு செருப்பும் கிடைத்தன. அந்தச் செருப்பு யாருடையது என்று மட்டும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது.

விஷயம் வீட்டுக்கும் வந்தது. நான் கொண்டுவரவில்லை, அவளேதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் கணவர் ரொம்ப சாது, அதட்டிக் கேட்கத் தெரியாதவர். பழைய பேப்பர் போட்டபோது தெரியாமல் கலந்து போயிருக்குமோ என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார். அதட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மாமியார் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார். மாடிக்கு வந்ததும் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து, “நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டார். நான் மெதுவாக வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பாவம், அக்காவுக்கும் வயசாகுதில்ல என்றேன். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். அவர் தலையாட்டினார். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்யும் குழு கூடிய நாள். நூலகரின் அறையில் நூலகர், ஒரு பேராசிரியர், தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. என்னைக் கேட்டு முடித்து அனுப்பிவிட்டு அக்காவை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டரை மணிக்குப் பைண்டரின் வேன் வந்து நின்றது. டிரைவர் நாலு கட்டுகளை என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சணல் கயிற்றைக் கத்தரியால் வெட்டினேன். சிவப்பு ரெக்சின், தங்க எழுத்து, பசை வாசம் இன்னும் போகவில்லை. பைண்டர் இதழ்களின் மேலட்டைகளைக் கிழித்துவிடுவார், ஆனால் உள்ளடக்கப் பக்கத்தை விட்டுவைப்பார். மூன்றாவது கட்டின் முதல் தொகுப்பைப் பிரித்தேன். ஆறாவது இதழ் முடிந்து அடுத்த பக்கம். மேலே கொட்டை எழுத்தில், இதழ் ஏழு – எட்டு.

அந்த அறைக்கும் என் மேசைக்கும் பத்தடி தூரம் இருக்கும். கண்ணாடிக் கதவு. அக்காவின் முதுகு தெரிந்தது. சாம்பல் நிறச் சேலை, ரவிக்கை முதுகில் வேர்வை வட்டம். கையை விரித்து விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஏழு எட்டு என்று காற்றில் கோடு போட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தால் ஒரு நிமிட வேலை. அவள் என்னைக் கட்டிக்கொள்வாள். வீட்டில் போய் இவதான் காப்பாத்தினா என்று எல்லோரிடமும் சொல்வாள், ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். அப்புறம் மாதக் கடைசியில் நான் கிளம்புவேன். என் கணவர் பழையபடி அண்ணியைக் கேட்கச் சொல்வார். எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நல்லவளுடைய தலையெழுத்து என் மடியில் திறந்து கிடக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

புத்தகத்தை மூடினேன். நாலு கட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப்போய், கெட்டுப்போன பிரிண்டருக்குப் பின்னால் இருந்த அடித்தட்டில், முதுகு சுவரைப் பார்க்க அடுக்கினேன். சாஃப்ட்வேரில் அவற்றின் நிலை ‘பைண்டிங்கில் உள்ளது’ என்று இருந்தது. அதை அப்படியே விட்டேன். பைண்டிங்கில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னால், கட்டடத்துக்குள் அதை யாரும் தேடமாட்டார்கள்.

வந்து உட்காருவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. நூலகர் கைப்பிடியைப் பிடித்தபடியே, பைண்டரைக் கேட்டீங்களா என்றார்.

“கேட்டேன் சார். இன்னும் ரெண்டு வாரமாவது ஆகும்ங்கிறார்.”

அக்கா நாற்காலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு நூலகரிடம் சொன்னாள்.

“அவரை அவசரப்படுத்த வேணாம் சார். இப்பத்தான் கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு, பாவம்.”

கதவு சாத்திக்கொண்டது.

குழுவுக்கு இரண்டு வாரம் பொறுமை இல்லை. நூலகருக்கு வாய்தா கேட்கும் தைரியமும் இல்லை. பொறுப்பிலிருந்த இருபத்து மூன்று இதழ்களைக் காட்ட இயலாததால் பணி நீட்டிப்பு இல்லை என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. எனக்கு நிரந்தரம் என்ற கடிதமும் அதே அளவு உறையில், அதே தபாலில் வந்தது. இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள்தான். மாடிக்கு ஏறி வந்து என்னுடையதைக் கொடுத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு, “நல்லா இரு” என்றாள். அதன் பிறகு பைண்டிங் பற்றி நூலகர் ஒரு தரமும் கேட்கவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது அல்லவா?

அடுத்த ஏழாம் மாதம் தடித்த இதழ் ஒன்று வந்தது. சாஃப்ட்வேரில் தேடிப் பார்த்தேன். ‘சேர்ந்த இதழ்’ என்று ஒரு சின்னக் கட்டம் அங்கேயேதான் இருந்தது, முதல் நாளிலிருந்து. அதை அழுத்தினேன். ஏழும் எட்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பச்சையாகின. பழைய இருபத்து மூன்றையும் அப்படி மாற்ற அரைமணி நேரம் கூட ஆகாது. மாற்றினால் மாற்றிய தேதியும் என் பெயரும் அதில் பதிவாகும். சிவப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா வீட்டில் இருக்கிறாள். முதலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். வெளியே கிளம்பித் தெருமுனை வரைக்கும் போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வந்தாள். மாமியாருக்கு ஒரே மாத்திரையை இரண்டு தரம் கொடுக்கப்போய் அவள் கணவர் பிடுங்கிக்கொண்டார். என் கணவர் இப்போதெல்லாம் எதற்கும் என்னைத்தான் கேட்கிறார், மாமியாரும்தான். ஒரு நாள் துணி காயப்போடும்போது அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “அந்தக் கோடு... நான் போட்டதா நானே நினைச்சுக்கிட்டேனோ?” அவள் கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. நான் கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன். அதையே நினைச்சுட்டு இருக்காதீங்கக்கா என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது உளறியிருப்பேனோ என்னவோ, தெரியாது.

அதற்கப்புறம்தான் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. மாத்திரை ஒரு வரிசை, மோட்டார் ஒரு வரிசை, பால் ஒரு வரிசை. ஒவ்வொன்றும் ஆனவுடன் பென்சிலால் தேதி. அதே பொடி எழுத்து. பென்சிலை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

நேற்றுக் காலை எங்கள் பாலை எடுக்கக் கீழே போனேன். நாளைக்கு லீவு என்று பால்காரர் இரண்டு நாள் பாலையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா பாக்கெட்டுகளை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தாளின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நேற்றைய கட்டத்தில் தேதி எழுதியாகிவிட்டது. பென்சில் முனை அந்தக் கட்டத்தின் ஓரத்தில் நின்றது. அடுத்த கட்டத்துக்குள் அரை விரல் அகலம் போய், திரும்பி வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் நூலோடு பென்சிலை என் பக்கம் நீட்டினாள்.

“இதை எப்படிப் போடணும்? உனக்குத்தான் சரியாத் தெரியும்.”

அவள் கண்ணையே பார்த்தேன். சோதிக்கிறாளோ என்று தேடினேன். ஒன்றும் இல்லை. தெரியாத ஒருத்தி தெரிந்த ஒருத்தியைக் கேட்கும் கேள்விதான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

“அது நாளைக் கட்டம்க்கா. நாளைக்கு வந்ததும் போட்டுக்கலாம்” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, அந்த அரை விரல் கோட்டை ரப்பரால் சுத்தமாக அழித்தாள்.

இன்று காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. அக்கா கேட்டுக்கு வெளியே பால் பையோடு நின்றிருந்தாள். இன்னொரு கையில் பென்சில், அறுத்த நூல் அதன் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. பால்காரர் வரும் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.